கீலுக்கு எண்ணெய் விடலாமா?

பழைய மரக்கதவு, துருப்பிடித்த இரும்புக் கீல். கதவுக்கு அப்பால் ஒரு காவலாளி நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறான். கதவைத் தள்ளினால் கிறீச்சிடும், அவன் விழித்துவிடுவான். சென்னையில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர், ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச்சாலும் பகடையாலும் ஆடும் ஓர் ஆட்டத்தில் வந்த இந்தக் கதவை வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், தன் பாத்திரத்தின் கைவசம் இருப்பதை எழுதி வைத்திருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “விளக்குக்கு வைத்திருக்கும் எண்ணெயைக் கீலுக்கு விட்டால் என்ன?”

விதிப் புத்தகத்தில் கீலைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆட்டத்தை நடத்தியவர் ஒரு நிமிடம் யோசித்தார். “இருபது பக்கப் பகடையை உருட்டுங்கள். உங்கள் கைத்திறனுக்கு இரண்டு கூட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு வந்தால் போதும்” என்றார். பகடையில் ஒன்பது விழுந்தது. இரண்டைக் கூட்டினால் பதினொன்று. ஒன்று குறைகிறது.

கதவு சத்தமில்லாமல் திறந்தது என்றே அவர் சொன்னார். ஆனால் எண்ணெய்க் குப்பி நண்பரின் கையிலிருந்து நழுவிவிட்டது. பின்னால் இருந்த கல் படிக்கட்டில் அது உருளத் தொடங்கியது. ஆட்டம் நடத்துபவர் விரல் மூட்டால் மேசையைத் தட்டினார். டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். எத்தனை படி என்று அவர் சொல்லவில்லை. ஐந்து பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மேசையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீடியோ கேம்களை இருபது ஆண்டுகளாக ஆடி வருகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ‘ரோல்-பிளேயிங் கேம்’, சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்று பெயர் தாங்கியவை. மேசையில் ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவது, எண்களால் ஆன திறமைகள், ஏறிக்கொண்டே போகும் நிலைகள் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் கீலுக்கு எண்ணெய் விடலாமா என்ற கேள்வியைத் திரையிடம் கேட்க முடியாது. யாரோ ஒரு நிரலாளர் முன்கூட்டியே அதை நினைத்துப் பார்த்து, அதற்கென்று ஒரு பொத்தானை வைத்திருந்தால்தான் உண்டு. கணினி இந்த ஆட்டத்தின் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டது, ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் நடுவரை மேசையிலேயே விட்டுவிட்டது. அந்த இடத்தை நிரப்பப் பார்த்த முயற்சிகளின் கதையாகத்தான் கணினி ஆர்.பி.ஜி.க்களின் வரலாற்றை நான் படிக்கிறேன்.

நடுவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால், அவர் இராணுவத்திலிருந்து வந்தவர். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளைப் படைகளாக நகர்த்த வேண்டும். யார் யாரைப் பார்க்க முடியும், எவ்வளவு இழப்பு என்பதை நடுவர் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்துச் சொல்வார். அட்டவணைகள் போகப் போகப் பெருத்தன, ஆட்டம் ஆமை வேகத்துக்கு வந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும், அட்டவணை வேண்டாம் என்றார். அட்டவணையா, நடுவரா என்ற இந்தச் சண்டைக்கு வயது கிட்டத்தட்ட நூற்றைம்பது. இன்றைக்கும் தீரவில்லை.

அமெரிக்க இராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த சார்லஸ் டாட்டன் 1880-இல் இதே வகையில் ஒரு போர் விளையாட்டு நூல் எழுதினார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், அது புத்திசாலித்தனமா இல்லையா என்பது வேறு விஷயம் என்ற கருத்து அதில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் தூசி படிந்து கிடந்த அந்த நூலை மினசோட்டாவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நூலகத்தில் கண்டெடுத்தார். 1969-இல் அவர் நெப்போலியன் காலப் போர் ஒன்றை நண்பர்களுக்காக நடத்தினார். வந்தவர்களில் இரண்டு தளபதிகள் போக மீதி ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று, படைகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் ஒருவரை மேயராக, ஒருவரை வங்கிக்காரராக, இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக ஆக்கினார். படைகள் வந்து சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு சதியில் இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் வாள்சண்டைக்கே தயாரானார்கள். அதற்கு விதி எதுவும் இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைப் புனைந்தார். ஆட்டம் குளறுபடியாகிவிட்டது என்று அவர் வருந்திக்கொண்டிருக்க, நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் போரை ஒரு கோட்டையின் பாதாள அறைகளுக்குள் இறக்கினார். விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அதை விதிகளாக்கினார். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள், பெட்டிக்குள் அடுக்கியதெல்லாம் கையால்.

இன்றைக்கு எந்தக் கைபேசி விளையாட்டைத் திறந்தாலும் தெரிகிற சிவப்பு உயிர்க்கோடு இங்கேதான் பிறந்தது. தொடக்கத்தில் ஓர் அடி பட்டால் வீரன் காலி. தன் வீரனுக்குப் பெயர் வைத்து வளர்த்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஆர்னசன் பின்னாளில் சொன்னபடி, கவசக் கப்பல்களுக்காக அவர் எழுதியிருந்த கடற்போர் விதிகளிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, இத்தனை அடி தாங்கும் என்று கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை மனிதனுக்கு மாட்டினார்கள். பத்தில் ஒரு புள்ளி உயிர் மிச்சமிருந்தாலும் வீரன் முழு வேகத்தில் ஓடுகிறானே, இது என்ன நியாயம் என்று சிறுவனாக இருந்தபோது எனக்குக் குழப்பம். ஓடுவது மனிதன் அல்ல, கப்பல் என்று தெரிந்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பகடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு வாய்ப்புக் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஒரு தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். தாயம் விழ, ஒன்றும் வெறுமையும் சேர வேண்டும். பதினாறில் இரண்டு. பன்னிரண்டு விழ, இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும். பதினாறில் ஒன்று. மூன்று மட்டும் பதினாறில் நான்கு முறை விழும், அதை யாரும் கேட்பதில்லை. காய் இறங்காமல் தாயத்துக்குத் தவம் கிடக்கும் அத்தையின் எரிச்சல் இந்தப் பின்னத்திலிருந்து பிறந்தது. இருபது பக்கப் பகடை இதற்கு நேர்மாறு. எந்த எண்ணுக்கும் ஐந்து சதவீதம், பாரபட்சமே கிடையாது. கைதேர்ந்த திருடனும் முதல் நாள் பயிற்சியாளனும் ஒரே பகடையை உருட்டுகிறார்கள். சின்னக் கூட்டல் ஒன்றுதான் வித்தியாசம். அதனால்தான் அந்த ஆட்டத்தில் அசட்டு விபத்துகள் அதிகம். தாயத்தில் அப்படி இல்லை. நடுவில் இருக்கும் எண்கள் அடிக்கடி விழும், ஓரத்தில் இருப்பவை அபூர்வம். பிற்பாடு வந்த பல ஆட்டங்கள் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

கணினிக்கு வருவோம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த மறு ஆண்டே, 1975-இல், இலினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி வலைப்பின்னலில் அதன் நகல்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘பெடிட்5’. பாதாளமும் பூதங்களும் நிறைந்த விளையாட்டுக்கு ஏன் இந்த அலுவலகப் பெயர்? பாடம் நடத்த ஒதுக்கிய இடத்தில் விளையாட்டைக் கண்டால் நிர்வாகிகள் அழித்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த வேஷம். அப்படியும் கண்டுபிடித்து அழித்தார்கள், மாணவர்கள் மறுபடி எழுதினார்கள். ‘டிஎன்டி’ என்ற இன்னொன்றில் பாதாளத்தின் கடைசியில் ஒரு தங்க டிராகன் காத்திருக்கும். கடைசியில் ஒரு பெரிய எதிரி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தின் மூத்த உதாரணங்களில் அது ஒன்று.

1981-இல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற இரண்டு கணினி ஆர்.பி.ஜி.க்கள் வந்தன. ஜப்பானில் யூஜி ஹோரி இவ்விரண்டிலும் ஊறித் திளைத்து 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். ‘ஃபைனல் ஃபேன்டசி’ அடுத்த ஆண்டு. அதன் பிறகு மேசையையே பார்த்திராத ஒரு தலைமுறைக்கு ஆர்.பி.ஜி. என்றால் தொலைக்காட்சிப் பெட்டிதான்.

இந்தப் பயணத்தில் எண்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. எண்களின் பொருள் வழியில் மாறிவிட்டது. அனுபவப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க கால விதிகளில் பாதாளத்திலிருந்து மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. பூதத்தைக் கொன்றால் கிடைப்பது அதைவிடச் சொற்பம். எனவே சண்டையே போடாமல், பூதம் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன்தான் கெட்டிக்காரன். கணினிக்கு வந்தபோது கொலைக்குப் புள்ளி என்பதே வழக்கமாக நிலைத்தது. கொலையை எண்ணுவது சுலபம், உபாயத்தை எண்ணுவது கடினம். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஆட்டக்காரன் செய்வான். கணினி ஆர்.பி.ஜி.யின் வீரன் ஊர் ஊராகப் போய்க் காட்டுப்பன்றி அடித்துக்கொண்டிருப்பதற்கு அவனுடைய குணம் காரணமல்ல, கணக்குப் பிள்ளையின் வசதிதான் காரணம்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவராக ‘அல்டிமா’வின் ரிச்சர்ட் கேரியட்டைச் சொல்வேன். தன் முந்தைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் ஊர்க்காரர்களைக் கொன்று, கடைகளில் திருடி, சீக்கிரம் ஜெயிக்கிறார்கள் என்பதை அவர் கண்டார். 1985-இல் வந்த நான்காம் பாகத்தில் கடைசி வில்லனையே எடுத்துவிட்டார். நேர்மை, கருணை, வீரம் உள்ளிட்ட எட்டு அறங்களில் தேறி ‘அவதார்’ ஆவதுதான் இலக்கு. நம்முடைய அவதாரம்தான் அது. வானத்திலிருந்து இறங்கி வருவதைக் குறித்த சொல், அமெரிக்காவில் ஒரு கணினிக்குள் மனிதன் இறங்குவதைக் குறிக்கத் தொடங்கியது. இன்று எந்தச் செயலியில் கணக்குத் தொடங்கினாலும் அவதாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

அந்த விளையாட்டில் மூலிகை விற்கும் பார்வையற்ற பெண் ஒருத்தி உண்டு. விலையைச் சொல்வாள், எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்பாள். ஒரே ஒரு காசு கொடுத்துவிட்டுப் போனாலும் அவளுக்குத் தெரியாது, நன்றி சொல்வாள். மணி அடிக்காது, எச்சரிக்கை வராது. ஆனால் உள்ளே எங்கோ நேர்மை என்ற எண் குறைந்துகொண்டே வரும். பல மணி நேரம் கழித்து அந்த அறத்தில் தேற முடியாமல் நிற்கும்போதுதான் உறைக்கும். இதில் நடுவரின் சாயல் கொஞ்சம் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும், அந்தப் பெண்ணுக்குக் காசு குறைவாகக் கொடுக்கலாம் என்பதைக் கேரியட் முன்பே நினைத்து வைத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. அவர் நினைக்காத அயோக்கியத்தனத்தைச் செய்ய வழியில்லை.

தோல்வியில்தான் மேசையும் திரையும் நன்றாகப் பிரிகின்றன. மேசையில் பதினொன்று விழுந்தால் கதை வேறு பக்கம் போகும். கணினியில் பதினொன்று விழுந்தால், முன்பு சேமித்து வைத்த சேவ் கோப்பைத் திறந்து அங்கிருந்து மறுபடி ஆடுவோம். ‘விசார்ட்ரி’ வீரன் செத்தால் உடனே வட்டில் எழுதிவிடும், எனவே ஆட்டக்காரர்கள் எழுதி முடிப்பதற்குள் ஃபிளாப்பியை உருவினார்கள். 1980-இல் வந்த ‘ரோக்’ செத்தவனைச் செத்தவனாகவே விட்டது. சேவ் கோப்பைத் திறந்த கையோடு அதை அழித்துவிடும். அந்தப் பிடிவாதக்கார விளையாட்டின் பெயரிலேயே இன்று ஒரு விளையாட்டு வகை இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ வெளியிட்டது. மேசை விதிகளை இவ்வளவு நெருக்கமாகத் திரைக்குக் கொண்டுவந்த பெரிய விளையாட்டு வேறொன்றை நான் ஆடியதில்லை. இருபது பக்கப் பகடையே திரையில் உருளும். ஒரு பேச்சுவார்த்தையில் எதிரியைச் சமாதானப்படுத்த எனக்குப் பதினைந்து தேவை. விழவில்லை. திரும்பத் திறந்தேன். ஏழாவது முறை பதினெட்டு விழுந்தது. எதிரி மனம் மாறினான், இசை எழுந்தது. எனக்கோ வங்கி வரிசையில் நின்று டோக்கன் வாங்கியது போல இருந்தது. அந்த ஆறு தோல்விகளுக்குள் என்னென்ன காட்சிகளை எழுதி, நடித்து, ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்களோ, நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு சேவ் மட்டும் தரும் ‘ஹானர் மோடு’ அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

சரி, கணினி நேர்மையாகவாவது பகடை உருட்டுகிறதா? எல்லா இடத்திலும் இல்லை. ‘ஃபயர் எம்பளம்’ தொடரில் 2002-இல் வந்த பாகம் தொடங்கிப் பல பாகங்களில், அடி படும் வாய்ப்பு 90 சதவீதம் என்று திரை சொல்லும். உள்ளே இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 98. பத்து சதவீதம் என்று காட்டுவது உண்மையில் இரண்டை ஒட்டி. ‘சிவிலைசேஷன்’ விளையாட்டை உருவாக்கிய சிட் மெயர் 2010-இல் ஒரு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருக்கும் சண்டையில் தோற்றால் ஆட்டக்காரர்கள் கணினி ஏமாற்றுகிறது என்றார்களாம். ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால் யாரும் புகார் சொல்லவில்லை. எனவே கணக்கை ஆட்டக்காரரின் மனதுக்கு ஏற்றபடி வளைத்தார்கள்.

மேசை நடுவரும் வளைப்பவர்தான். அவருக்கு முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு இருக்கும், அதன் பின்னால் உருட்டும் பகடையை நாம் பார்க்க முடியாது. புதிதாக வந்த ஆட்டக்காரரின் வீரன் முதல் அரை மணியிலேயே சாகவிருந்தால் இருபதைப் பன்னிரண்டு என்று வாசிப்பார். இது துரோகம் என்பவர்கள் உண்டு, எங்கள் குழுவிலேயே ஒருவர் இருக்கிறார். நான் அந்தக் கட்சியில் இல்லை. சராசரி எடுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் பொய் சொல்கிறது. தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

தோல்வியை ஆடத் தகுந்ததாக ஆக்கியதில் 2019-இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ வெகுதூரம் போனது. எஸ்தோனியாவின் ஒரு நண்பர் குழு பல ஆண்டுகள் மேசையில் ஆடி வளர்த்த உலகத்திலிருந்து வந்தது அது. மற்ற ஆர்.பி.ஜி.க்களில் இருப்பது போன்ற சண்டை முறையே இதில் கிடையாது. நினைவிழந்த ஒரு துப்பறிவாளன், அவன் தலைக்குள் இருபத்து நான்கு திறமைகள், ஒவ்வொன்றும் வாய் பேசும். விளையாட்டு தொடங்கிச் சில நிமிடங்களில், சுழலும் மின்விசிறியில் மாட்டியிருக்கும் தன் கழுத்துப்பட்டையை எடுக்கப் போகிறான். உடல் பலத்தில் கஞ்சத்தனம் காட்டியிருந்தால் மாரடைப்பு வந்து செத்துப்போவான். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன் பிறகு அந்த விளையாட்டில் தோற்ற பகடைகளுக்காகச் சேவ் கோப்பைத் திறந்ததே இல்லை. தோல்விக்கு எழுதியிருந்த வசனங்கள் பல இடங்களில் வெற்றிக்கு எழுதியதைவிட நன்றாக இருந்தன. உழைப்பை எங்கே கொட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

இதற்கிடையே, கணக்குப் புத்தகம் மட்டும் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. 2007-இல் ‘கால் ஆஃப் டியூட்டி 4’ துப்பாக்கிச் சண்டைக்கு அனுபவப் புள்ளிகளையும் நிலைகளையும் கொண்டுவந்து பெரும் வெற்றி பெற்றது. இப்போது கால்பந்து விளையாட்டிலும் புள்ளி, மொழி கற்பிக்கும் செயலியிலும் புள்ளி. பாத்திரமும் இல்லை, கதையும் இல்லை, நடுவரின் நிழல்கூட இல்லை, எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. ‘ஆர்.பி.ஜி. அம்சங்கள் உண்டு’ என்று விளம்பரத்தில் கண்டால் நான் சற்று ஒதுங்கிப் போகிறேன்.

செயற்கை நுண்ணறிவு நடுவராகுமா என்று இப்போது கேட்கிறார்கள். 2019 டிசம்பரில் ‘ஏஐ டஞ்சன் 2’ வந்தபோது ஓர் இரவு முழுக்க அதோடு உட்கார்ந்தேன். கீலுக்கு எண்ணெய் விட்டேன், கதவு திறந்தது. பாயசம் விட்டேன், அதற்கும் திறந்தது. கதவிடம் மன்னிப்புக் கேட்டேன், கதவு அழுதது. நான்கு பத்தி தள்ளி அந்தக் காவலாளி என் மாமாவாகிவிட்டான். அதற்குப் பிறகு வந்த மொழி மாதிரிகளின் ஞாபகம் எவ்வளவோ மேல், மாமா மாமாவாகவே இருக்கிறார். ஆனால் நான் ஆடிப் பார்த்த வரையில் மறுத்துச் சொல்வதில் அவற்றுக்கு இன்னும் தயக்கம்தான். எண்ணெய்க்குப் பன்னிரண்டு வேண்டும், பாயசத்துக்குப் பத்தொன்பது வேண்டும் என்று நெற்றியைச் சுருக்கும் ஆள் இல்லாவிட்டால் பகடையை எதற்கு உருட்டுவது?

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் மேசையைவிடத் திரையின் முன்தான் அதிகம் உட்காருகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு பதினொரு மணிக்கு யாருக்கும் தொலைபேசி செய்யாமல் ஆர்.பி.ஜி. ஆட முடிகிறது என்பது சாதாரண வசதி அல்ல. ஐந்து பேருக்கு ஒரே ஞாயிறு ஒழிவது இப்போதெல்லாம் இருபது பக்கப் பகடையில் இருபது விழுவது போல.

எங்கள் குப்பி கடைசிப் படியில் போய் நின்றது. கீழிருந்து சத்தம் கேட்டு ஏறி வந்த இரண்டாவது காவலாளி, அது வழியெல்லாம் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தான். யாரும் திட்டமிடவில்லை, ஆட்டம் நடத்தியவர் உட்பட. அன்றைய ஆட்டம் அந்த இடத்தில் நின்றது, மறுபடி இன்னும் கூடவில்லை. வங்கி நண்பர் தன் தாளில் ‘எண்ணெய் – 1 குப்பி’ என்ற வரியை அடிக்க மறுத்துவிட்டார். குப்பி உருண்டதே தவிர உடையவில்லை, அடியில் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் என்பது அவர் வாதம். எவ்வளவு மிச்சம் என்பதைப் பகடை உருட்டித்தான் சொல்ல வேண்டும் என்று நடுவர் சொல்லியிருக்கிறார்.